ஆறு குண்டுக்குப் பத்து நிமிடம்

சிலிண்டரைச் சுற்றி ஒரு கடற்போர் ஓடுகிறது. பாய்மரக் கப்பல்கள், பீரங்கிப் புகை, ஓரத்தில் பொடி எழுத்தில் 1843 மே 16 என்ற தேதி. டெக்சஸ் தனி நாடாக இருந்தபோது அதன் கடற்படை கம்பேச்சே அருகே மெக்சிகோவுடன் மோதிய நாள் அது. வங்கி நோட்டுகளுக்குத் தகடு செதுக்கிவந்த ஆர்ம்ஸ்பியின் கைவேலை. சாமுவேல் கோல்ட்டின் 1851 ரிவால்வருக்கு ‘நேவி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இந்தச் சித்திரத்தால்தான். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் அசலைப் பார்த்த நாள்வரை துப்பாக்கிகள்மேல் எனக்கு நாட்டம் இருந்ததில்லை. அந்தக் கப்பல்கள்தான் என்னை நிறுத்தின.

அசல் உற்பத்தி 1873இல் முடிந்துவிட்டது. நான் டெக்சஸில் வாங்கியது இத்தாலிய நகல். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிய 1950களின் கடைசியில், வால் ஃபோர்ஜெட் என்ற அமெரிக்கர் இந்தப் பழைய ரிவால்வர்களை மறுபடி செய்துதர இத்தாலியின் ப்ரெஷா வட்டாரத்துப் பட்டறைகளை நாடினார். இன்றும் நகல்களில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

கையில் எடுத்தால் கிட்டத்தட்ட 1.2 கிலோ. ஏழரை அங்குல எண்பட்டைக் குழல். இவ்வளவு எடையும் மணிக்கட்டில் உறுத்தாமல் உட்காருகிறது. பிடியின் வளைவு அப்படி. இதைவிட இயல்பாகக் குறியை நோக்கித் தானே திரும்பும் கைத்துப்பாக்கியை நான் பிடித்ததில்லை.

தோட்டா என்று ஒன்று இதற்குக் கிடையாது. ஒவ்வொரு அறையிலும் கருமருந்தை அளந்து கொட்ட வேண்டும். அதன்மேல் உருண்டை ஈயக் குண்டு. குண்டு அறையைவிட ஒரு மயிரிழை பெரியது. குழலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலை இழுத்து அழுத்தும்போது ஓரத்தில் மெல்லிய ஈய வளையம் சீவி விழும். அந்த வளையம் முழுதாக விழுந்தால் அறை நன்றாக அடைபட்டது என்று பொருள். அதற்குமேல் கொழுப்பு பூச வேண்டும். இல்லையென்றால் ஓர் அறையின் தீ பக்கத்து அறைக்குத் தாவக்கூடும். கடைசியாகப் பின்பக்கக் கூம்புகளில் செப்புக் கேப்புகள். தீபாவளிக் கேப்பின் தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு அறைக்கும் எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது. அந்தப் பத்து நிமிடத்துக்காகவே இதை நேசிக்கிறேன். இயந்திரத்தின் ஒவ்வொரு வேலையும் என் விரல் வழியாக நடக்கிறது. எந்தப் படியில் கவனம் தப்பினாலும் அடுத்த படியில் தெரிந்துவிடுகிறது.

சுட்டால் ‘டப்’ என்ற வெட்டுச் சத்தம் இல்லை. ‘தொம்’ என்று உள்ளே உருளும் ஓசை. உதைப்பு கையைத் தள்ளுகிறதே தவிர அறைவதில்லை. பிறகு வெண்புகைத் திரை. அது விலகும்வரை குறியைப் பார்க்க முடியாது. கந்தக வாசனை தமிழ் மூக்குக்கு உடனே பழக்கப்பட்டது. அந்த மருந்தின் வெடியுப்புக்கு நம் பக்கத்தோடு உறவும் உண்டு: 1861இல், உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்காக வெடிமருந்துத் தயாரிப்பாளர் லாமோட் டுபான்ட் இங்கிலாந்துக்குப் போய் வாங்கிக் குவித்த உப்பு இந்தியாவிலிருந்து கப்பலேறியது. பீகார் அதன் பெரிய விளைநிலம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பின்பார்வை என்பது சுத்தியலின் நுனியில் ஒரு வெட்டு மட்டுமே. 25 கஜத்தில் என் குண்டுகள் குறிக்கு நாலு விரல் மேலே போயின. வெடித்த கேப் கிழிந்து சுத்தியலின் இடுக்கில் விழுந்து இருமுறை சிலிண்டர் சிக்கியது. சுத்தியலை இழுக்கும்போது குழலை வானத்தை நோக்கித் தூக்கினால் துண்டு வெளியே விழும்; பழைய ஆட்கள் செய்ததும் அதுதான். குழலைப் பிணைக்கும் ஆப்பு என் துப்பாக்கியில் மிக இறுக்கமாக வந்தது. மரச் சுத்தியலால் தட்டித்தான் எடுத்தேன்.

நண்பர் ஒருவரின் 1858 ரெமிங்டன் நகலையும் சுட்டுப் பார்த்தேன். அதில் சிலிண்டருக்கு மேலும் இரும்புப் பாலம் உண்டு. சட்டம் உறுதியானது, பார்வையும் நேர்த்தி, சிலிண்டரைக் கழற்றுவதும் எளிது. முதல் துப்பாக்கியாக அதைத்தான் சொல்வேன். ஆனால் கரி படியப் படிய ரெமிங்டன் சீக்கிரம் இறுகிவிடுகிறது. கோல்ட்டின் தடித்த நடுத்தண்டில் கொழுப்பு தங்கப் பள்ளங்கள் இருப்பதால் அது இன்னும் சில சுற்றுகள் சளைக்காமல் சுழன்றது.

1968ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் இவ்வகை நகல்களைப் பழம்பொருளாகக் கருதுகிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடும் என்பதால் வாங்குமுன் விசாரிப்பது நல்லது. செலவு துப்பாக்கியோடு நிற்காது. அளவைக் குப்பி, கேப், கொழுப்பு, கண்ணுக்கும் காதுக்கும் காப்பு எல்லாம் சேரும்.

வீடு திரும்பியதும் அன்றைக்கே கழுவ வேண்டும். எரிந்த மருந்தில் பாதிக்குமேல் திடக்கசடாகும்; துப்பாக்கியில் தங்குவது ஈரத்தை இழுக்கும். ஆப்பைத் தட்டி, மூன்று பாகமாகப் பிரித்து, மரப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு, சோப்புக் கலந்த வெந்நீரில் கறுப்பு நிற்கும்வரை தேய்க்கிறேன். துடைத்து எண்ணெய் பூசி, மறுநாள் காலையில் இன்னொருமுறை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கிறேன். இரவில் கை தவறிய இடம் துணியில் செம்மண் நிறமாகத் தெரிந்துவிடும்.