உஸ்மான் சோவின் ஃபுலானிகளை எப்படிப் பார்ப்பது?

செனகலின் தலைநகர் டக்காரில் 1935-ல் பிறந்து 2016-ல் அங்கேயே மறைந்த சிற்பி உஸ்மான் சோ. அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கும் நினைவில் எழுவது அவர் வடித்த, சூடானின் நூபா இன மற்போர் வீரர்கள்தான். இல்லையென்றால், 1876-ல் அமெரிக்கப் பூர்வகுடிகள் அமெரிக்கப் படைத்தலைவர் கஸ்டரின் படையை முறியடித்த லிட்டில் பிக்ஹார்ன் போரை அவர் குதிரைகளோடும் வீரர்களோடும் வடித்த பெரும் தொகுதி. இரண்டும் கண்ணைப் பறிப்பவை. மோதலும் வீழ்ச்சியும் திமிறலும் பார்வையாளரைத் தாமாகவே இழுத்துக்கொள்ளும். இவற்றுக்கு நடுவே, 1993-ல், தன் குலப்பெயரே எந்த இனத்தைச் சேர்ந்ததோ அந்த ஃபுலானிகளை அவர் ஒரு வரிசையாகச் செய்தார். அதைக் கடந்து போகிறவர்கள் அதிகம். அது பெரிய இழப்பு. சோவின் கலையைப் படிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் தொடங்க வேண்டிய இடம் அந்த ஃபுலானி வரிசைதான் என்று நினைக்கிறேன். அங்கே போரின் ஆரவாரம் நம் கவனத்தைக் கலைப்பதில்லை. ஓர் உடல் எப்படி நிற்கிறது, எப்படி உட்கார்கிறது, பக்கத்தில் இருக்கும் இன்னொரு உடலை எப்படித் தாங்குகிறது என்பது மட்டுமே அங்கே பேசுகிறது.

ஃபுலானிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இது ஏன் முக்கியம் என்பது புரியும். செனகல் தொடங்கி மாலி, நைஜர், நைஜீரியா, கேமரூன் வழியாக சூடான் வரை, சஹாராவின் தென்விளிம்பில் பரவியிருக்கும் மக்கள் அவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இன்றும் திமில் மாடுகளோடு மழையைத் தொடர்ந்து நடக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் புகழ்பெற்ற மரச்சிற்பங்களும் முகமூடிகளும் பெரும்பாலும் நிலத்தில் ஊன்றிய உழவர் சமூகங்களிலிருந்து வந்தவை. பம்பாரா, டோகோன், செனுஃபோ என்று பட்டியல் நீளும். நாடோடி மேய்ப்பரிடம் கனமான சிலைக்கு இடமில்லை. அவர்கள் தழுவிய இஸ்லாமும் உருவச் சிலைகளை விரும்பவில்லை. எனவே அவர்களுடைய அழகுணர்வு தூக்கிச் செல்லக்கூடியவற்றில் குடியேறியது: செதுக்கிய சுரைக்குடுக்கைகள், கம்பளிப் போர்வைகள், வாய்மொழிக் கதைகள், எல்லாவற்றுக்கும் மேலாக உடல். பெண்களின் பின்னலும் அம்பர் மணிகளும், மாலிப் பகுதியில் செல்வந்தப் பெண்கள் அணிந்த பெரிய பொன் காதணிகளும் அதற்குச் சான்று. நைஜர் பகுதியின் வோதாபே ஃபுலானிகள் கெரெவோல் என்ற விழாவில் ஆண்களுக்கே அழகுப் போட்டி வைக்கிறார்கள். இளைஞர்கள் முகம் தீட்டி, கண்ணின் வெண்மையும் பல்லின் வெண்மையும் தெரிய வரிசையாக ஆட, தீர்ப்புச் சொல்பவர்கள் பெண்கள். இந்த மக்களுக்குக் கலைக்கூடம் என்று ஒன்று இருந்தால் அது அவர்களுடைய மேனிதான்.

ஆகவே ஃபுலானிகளைச் சிற்பமாக்க வந்த கலைஞருக்கு, முன்னோர் விட்டுச்சென்ற ஒரு சிலை மரபைத் தொடரும் வசதி இல்லை. அவர் எடுத்துக்கொள்ளக்கூடியது அந்த உடல் மட்டுமே. சோ இதற்கென்றே ஆயத்தமானவர் போல இருந்தார். 1957-ல் பாரிஸ் சென்றவர் அங்கே நுண்கலைப் பள்ளியில் சேரவில்லை. செவிலியர் பயிற்சி பெற்று, பிறகு பிசியோதெரபி படித்தார். பல ஆண்டுகள் அதுவே அவருக்குத் தொழில். சிற்பம் கூடவே வளர்ந்தது. ஏறத்தாழ ஐம்பது வயதில்தான் மருத்துவத்தை விட்டுவிட்டு முழுநேரச் சிற்பியானார். அவர் மாதிரிக்கு ஆள் நிறுத்திச் செய்தவர் அல்லர். தோள்பட்டை எலும்பு எங்கே நழுவும், இடுப்பு எந்தப் பக்கம் சாயும்போது முதுகு எப்படி ஈடுகட்டும் என்பதெல்லாம் அவர் விரல்களுக்கு நோயாளிகளின் உடலிலிருந்து தெரிந்திருந்தது. இந்த வரலாறு வெறும் சுவையான செய்தி அன்று. சிற்பத்தைப் பார்க்கும் முறையையே அது மாற்றுகிறது. பிசியோதெரபிஸ்ட் ஓர் உடலைப் பார்க்கும்போது முகத்தில் தொடங்குவதில்லை. பாரம் எங்கே விழுகிறது என்று பார்க்கிறார். நாமும் அப்படியே தொடங்க வேண்டும்.

முதலில் பாதங்களைப் பாருங்கள். எந்தக் கால் எடையைச் சுமக்கிறது, எது ஓய்வில் இருக்கிறது? அங்கிருந்து முழங்கால், இடுப்பு, முதுகுத்தண்டு என்று கண்ணை மேலே ஏற்றுங்கள். மந்தையின் பின்னால் நாளெல்லாம் நடக்கும் மேய்ப்பர்கள் நிற்கிற விதமே தனி. கோலை இரு தோள்களிலும் குறுக்கே வைத்துக் கைகளை அதன்மேல் தொங்கவிடுவது, ஒரு காலை மற்றொன்றின்மேல் ஊன்றிக் கோலில் சாய்வது எல்லாம் வலிமையைச் சேமிக்கக் கற்ற உடலின் பழக்கங்கள். சோவின் உருவங்களில் இந்தச் சேமிப்பைத் தேடுங்கள். தசை எவ்வளவு பெரியது என்பதை விட, எந்தத் தசை வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்பதே அங்கே கதை. பிறகு சுற்றி வாருங்கள். முன்பக்கத்திலிருந்து அமைதியாகத் தெரியும் உருவம் முதுகுப் பக்கத்தில் இறுக்கமாக இருக்கலாம். சோவின் பல உருவங்களில் முதுகுதான் முகத்தை விட அதிகம் சொல்கிறது. முகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃபுலானிகளின் ஒழுக்க நெறி புலாகு எனப்படுகிறது. பொறுமை, நாணம், நிதானம் ஆகியவை அதன் தூண்கள். வலியையும் பசியையும் ஆசையையும் முகத்தில் காட்டாமலிருப்பது அங்கே நாகரிகம். விழாநாளில் வோதாபே இளைஞர் முகத்தைத் திறந்து காட்டுகிறார் என்றால், மற்ற நாள்களில் அதை அடக்கி வைத்திருப்பதால்தான் அந்தத் திறப்புக்கு மதிப்பு. அடக்கப்பட்ட உணர்ச்சி கழுத்திலும் கையிலும் எங்கே கசிகிறது என்று பார்ப்பதே ஃபுலானி வரிசையைப் பார்க்கும் நேர்த்தி.

அடுத்தது தோல். சோ கல்லைச் செதுக்கவில்லை. களிமண்ணை அச்சில் வார்க்கவும் இல்லை. இரும்புக் கம்பியால் எலும்புக்கூடு போன்ற சட்டகம், அதன்மேல் வைக்கோல், சணல் சாக்கு, அதன்மேல் தாமே உருவாக்கிய ஒரு பசைக் கலவை. ஏறத்தாழ இருபது பொருள்களைச் சேர்த்துப் பல ஆண்டுகள் ஊறவைத்த அந்தக் கலவையின் செய்முறையை அவர் வெளியிடவில்லை. அதனால் மேற்பரப்பு வழவழப்பாக இல்லை. வெயிலில் காய்ந்த மண்போல வெடித்து, கரடுமுரடாக, நிறம் மாறி மாறித் தெரிகிறது. இயற்கையான மனிதத் தோலின் நிறமும் அன்று. அருகில் போய் இதைப் பார்க்க வேண்டும். பிறகு பத்தடி பின்வாங்கிப் பார்க்க வேண்டும். அருகில் சாக்கும் பசையுமாக இருந்தது, தூரத்தில் மூச்சுவிடும் உடலாகக் கூடிவரும். இந்த இரு தூரங்களுக்கும் நடுவே போய்வருவதில்தான் இன்பம் இருக்கிறது. சில படைப்புகள் பின்னர் பிரான்சின் கூபெர்த்தான் வார்ப்பகத்தில் வெண்கலமாக வார்க்கப்பட்டன. வெண்கலம் நீடித்து நிற்கும். ஆனால் வைக்கோலும் சாக்கும் தந்த அந்த நொய்மை அதில் குறைவு. இரண்டையும் பார்க்க வாய்த்தால் மூலத்தையே முதலில் பாருங்கள்.

உருவங்களுக்கு இடையிலான வெற்றிடத்தையும் தவறவிடக் கூடாது. சோ தனி உருவங்களோடு நிற்காமல் காட்சிகளாக அமைத்தவர். ஒரு குழுவில் யார் யாரை நோக்கிச் சாய்கிறார், யார் விலகியிருக்கிறார், எந்தக் கை எந்தத் தோளைத் தொடாமல் நின்றுவிடுகிறது என்பவற்றைக் கோடு வரைந்ததுபோல மனத்தில் இணைத்துப் பாருங்கள். மற்போரில் உடல்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. குடும்பத்தில் அவை ஒன்றுக்கொன்று இடம் கொடுக்கின்றன. அந்த இடம் கொடுத்தலைச் சிற்பத்தில் காட்டுவது கடினம். சோவின் கை மிக நுட்பமாக இயங்கியது அங்கேதான் என்பது என் கணிப்பு.

இவ்வளவு சொன்னபின் ஒரு கனமான எதிர்வாதத்தைச் சந்தித்தாக வேண்டும். சோவின் முதல் வரிசையான நூபாவுக்குத் தூண்டுதல் லெனி ரீஃபென்ஸ்டால் எடுத்த புகைப்படங்கள். ஹிட்லரின் ஆட்சிக்குப் பிரசாரப் படம் எடுத்தவர் அவர். அவருடைய நூபாப் படங்களில், குறையற்ற வலிய உடலை வழிபடும் பாசிச அழகியல் தொடர்கிறது என்று அமெரிக்க எழுத்தாளர் சூசன் சாண்டாக் 1975-ல் கடுமையாக எழுதினார். அப்படியானால் சோவும் அதே வழிபாட்டைத்தானே செய்கிறார், அயலாருக்கு ஆப்பிரிக்காவைக் காட்சிப்பொருளாக்குகிறாரே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நூபா வரிசையின் சில உருவங்களில் வலிமையின் மீதான மயக்கம் இருக்கிறது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் ரீஃபென்ஸ்டாலின் கேமரா உடலை வழுவழுப்பாக்கி, ஒளியில் குளிப்பாட்டி, எடையற்றதாக்கியது. சோ செய்தது நேர் எதிர். அவர் அதே உடலுக்கு எடையைத் திருப்பிக் கொடுத்தார், தோலைக் கரடுமுரடாக்கினார், தசையின் பெருமையோடு அதன் களைப்பையும் சேர்த்தார். நோயாளிகளின் உடலைப் பல்லாண்டு தொட்டு வாழ்ந்தவருக்குக் குறையற்ற உடல் என்று ஒன்று இருப்பதாகவே தோன்றியிருக்காது. ஃபுலானி வரிசைக்கு வரும்போது வெற்றி வீரன் என்ற பாத்திரமே தேவையில்லாமல் போகிறது. எனவே இந்தக் குற்றச்சாட்டுக்குச் சிறந்த பதில் அந்த வரிசையில்தான் கிடைக்கிறது.

இவ்வளவு தத்ரூபமாக உருவம் செய்வது பழைய பாணி என்ற முறையீட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை. விடுதலைக்குப் பிந்தைய செனகலில், முதல் குடியரசுத் தலைவர் செங்கோரின் ஆதரவோடு வளர்ந்த டக்கார் ஓவியர்கள் பலர் குறியீடுகளையும் எளிமையாக்கிய வடிவங்களையும் நாடினார்கள்; சோ அந்த வழியில் வரவில்லை. ஆனால் ஆளுயரத்தை மீறிய அளவும், மண்ணைப் போன்ற தோலும், மிகைப்படுத்திய பாரமும் கொண்ட ஓர் உருவத்தை நகலெடுத்தல் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது கேள்விதான் இன்று மிக அவசரமானது. ஃபுலானிகளில் பெரும்பான்மையினர் இப்போது ஊர்களிலும் நகரங்களிலும் நிலைத்து வாழ்கிறவர்கள். 1804-ல் ஃபுலானி அறிஞர் உஸ்மான் தன் ஃபோதியோ தொடங்கிய போர், இன்றைய வட நைஜீரியாவில் சொக்கோத்தோ என்ற பெரும் அரசைப் படைத்தது. அறிஞர்களும் ஆட்சியாளர்களும் அந்த வரலாற்றில் உண்டு. அப்படியிருக்க நாடோடி மேய்ப்பரை மட்டும் காட்டுவது காலத்தில் உறைந்த ஒரு பிம்பம் அல்லவா? உண்மைதான், சிற்பத்தை இனவரைவியல் ஆவணமாகப் படித்தால் ஏமாந்துபோவோம். சோ டக்கார் நகரத்துக்காரர். அவர் படைத்தது தகவல் அன்று, ஒரு கற்பனை வணக்கம். ஆனால் அந்த வணக்கத்தின் தேவை 1993-ஐ விட இன்று கூடியிருக்கிறது. மாலியிலும் நைஜீரியாவிலும் மேய்ச்சலுக்கும் உழவுக்குமான நிலச் சண்டை ஆயுத மோதலாகிவிட்டது. மேய்ப்பர் என்றாலே ஐயத்துக்குரியவர் என்ற நிலை பல இடங்களில் உருவாகிவிட்டது. 2019 மார்ச்சில் மத்திய மாலியின் ஓகொசாகு கிராமத்தில் 150-க்கும் மேற்பட்ட ஃபுலானிகள் கொல்லப்பட்டார்கள். ஒரு மக்கள் கூட்டத்தைச் செய்தித் தலைப்பாக மட்டுமே அறிந்த கண்ணுக்கு, ஒவ்வோர் உடலையும் தனித்தனியாக, அதன் பாரத்தோடும் மூட்டுகளோடும் காட்டும் சிற்பம் செய்கிற வேலை சிறியதன்று.

1999 வசந்தத்தில் பாரிஸின் பாலங்களில் ஒன்றான போன் தெ ஸார் மீது இந்த வரிசைகள் திறந்தவெளியில் வைக்கப்பட்டன. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். பாலத்தின் ஒரு முனையில் லூவ்ர் அருங்காட்சியகம், மறுமுனையில் பிரெஞ்சுக் கலை அகாதெமி இயங்கும் மாளிகை. 2012-ல் அதே அகாதெமி சோவை அயல்நாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. நேரில் போக முடியாதவர்கள், அரங்கின் செயற்கை ஒளியில் எடுத்த படங்களை விட்டுவிட்டு, அந்தப் பாலத்தின் மேல் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். ஒரே உருவத்துக்கு முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என மூன்று படங்களாவது சேர்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் படத்தை நம்பாதீர்கள். டக்கார் செல்லும் வாய்ப்புள்ளவர்கள் அவர் தாமே வடிவமைத்துக் கட்டிய வீட்டுக்குப் போகலாம். 2018 முதல் அது அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது.