காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு மாதா கோயிலுக்கு

என் நாவல் ஒன்றில் ஒரு மாதா கோயில் வருகிறது. உப்பங்கழிக் கரையில், மீனவர் குப்பத்துக்கு நடுவே இருக்கும் கோயில். கதாநாயகி அதனுள்ளே மண்டியிட்டு அழுகிறாள். வர்ணக் கண்ணாடி ஜன்னல் வழியாக மாலை வெயில் சிவப்பும் நீலமுமாக அவள் முகத்தில் விழுகிறது. அந்த இடத்தைப் பாராட்டி எழுதியவர்கள் பலர். ஒரே ஒரு வாசகி மட்டும் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயில்களில் வர்ணக் கண்ணாடி கிடையாதே, நீங்கள் எந்தக் கோயிலைப் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்டிருந்தார். நான் பதில் போடவில்லை. நான் பார்த்தது சினிமாவில் என்பதை ஒரு கார்டில் எப்படி எழுதுவது?

அந்தக் கடிதம் என் மேஜை டிராயரில் நெடுநாள் கிடந்தது. சென்ற தை மாதம் நண்பர் ஒருவர், "காட்டுப்பள்ளியில் எங்களுக்கு வேண்டியவர் வீடு இருக்கிறது, நாலு நாள் கடற்காற்று வாங்கிவிட்டு வாருங்கள்" என்று அழைத்தபோது, ஓய்வுக்காகப் போவதாகத்தான் வீட்டில் சொன்னேன்.

காட்டுப்பள்ளி என்றால் இப்போது பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் துறைமுகமும், கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையும்தான் நினைவுக்கு வரும். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். நடுவில் ஒரு நீளமான மணல் திட்டு. தீவு என்று சொன்னால் தீவுதான். பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது. சமணர் தங்கிய இடமும் பள்ளி, முஸ்லிம்கள் தொழும் இடமும் பள்ளி, பிள்ளைகள் படிக்கும் இடமும் பள்ளி. மயிலாப்பூரில் லஸ் மாதா கோயிலை அந்தக் காலத்து ஜனங்கள் காட்டுக் கோயில் என்றே அழைத்தார்கள். காடும் கோயிலும் சேர்ந்த பெயர்களில் எனக்கு ஒரு சபலம் உண்டு.

வடக்கே பழவேற்காட்டுக்குப் படகில் அழைத்துப் போனவர் அறுபது வயதைக் கடந்தவர். ஏரியில் வலை போட முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர். "இன்னிக்கு எனக்குப் பாடு இல்ல சார், அதான் வந்தேன்" என்றார். நெற்றியில் திருநீறு இருந்தது. மடியில் ஒரு காகிதப் பொட்டலம் வைத்திருந்தார். என்ன என்று நான் கேட்கவில்லை.

ரஸிகன் என்ற முறையில் நான் முதலில் போனது கோயிலுக்கு அல்ல, கல்லறைத் தோட்டத்துக்கு. டச்சுக்காரர்கள் இங்கே 1613-ல் கோட்டையைக் கட்டி முடித்து கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை இடம் இதுதான். கோட்டை இன்று மேடும் புதருமாகிவிட்டது. கல்லறைகள் நிற்கின்றன. வாசலில் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்திலே மணல் கடிகாரம். 'உன் நாழிகையும் ஓடிக்கொண்டிருக்கிறது' என்று உள்ளே வருகிறவனிடம் சொல்லும் சிற்பம். நம் ஊர்ச் சித்தர்களிடம் காட்டியிருந்தால் ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

உள்ளே கிடக்கும் பலகைக் கற்களின் வேலைப்பாட்டைப் பற்றி நாள் முழுதும் பேசலாம். பூவும் இலையும் பின்னிய ஓரம், குடும்பச் சின்னம், அதன் கீழே ஆழமாக வெட்டிய எழுத்துக்கள். முந்நூறு ஆண்டு உப்புக் காற்று வீசியும் எழுத்தின் விளிம்பு பல இடங்களில் மழுங்கவில்லை. இத்தனை நல்ல கை ஏன் கல்லறையில் வந்து உழைத்தது என்று யோசித்துப் பார்த்தேன். டச்சுக்காரர்களின் சீர்திருத்தக் கிறிஸ்தவம் கோயிலுக்குள் சொரூபம் கூடாது, படம் கூடாது என்றது. பீடத்திலிருந்து விரட்டப்பட்ட சிற்பி செத்தவர்களின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துவிட்டான். கலையை ஒரு வாசலில் தடுத்தால் வேறு வாசலில் நுழைந்துவிடும்.

ஆனால் அந்த அழகை முழு மனசோடு அனுபவிக்க முடியவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் இதே துறையிலிருந்து டச்சுக்காரர்கள் துணி மட்டுமா ஏற்றினார்கள்? பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்களை அடிமைகளாக வாங்கி பட்டேவியாவுக்கு அனுப்பினார்கள். அந்த வியாபாரத்தில் வந்த பணம் இந்தக் கற்களில் கொஞ்சமாவது இருக்கும். கப்பலில் போனவர்களுக்குக் கல் கிடையாது. சிற்பத்தை வேறு, சரித்திரத்தை வேறு என்று பிரித்துப் பார்க்கச் சொல்லும் விமரிசகர்கள் இருக்கிறார்கள். அங்கே நின்றுகொண்டு அப்படிப் பிரிக்க எனக்குத் தெம்பு இல்லை.

பிறகுதான் மகிமை மாதா கோயில். 1515-ல் போர்ச்சுகீசியர் கட்டியது என்று சொல்லும் பழமை. அவர்கள் அதற்கு இட்ட பெயர் ஆனந்தங்களின் அன்னை என்று பொருள்படும். நான் செதுக்கு வேலைப்பாட்டையும் இருட்டு மண்டபத்தையும் எதிர்பார்த்துப் போனேன். இன்று நிற்பது புதுக் கட்டிடம். வழவழப்பான தரை, நல்ல வெளிச்சம், மின்விசிறி. என் ஏமாற்றத்தை மறைக்கவில்லை. "பழசை வைத்துக்கொண்டிருக்கலாமே!" என்று முணுமுணுத்தேன்.

படகுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்க வீட்டுக் கூரை ஒழுகுனா பழசுன்னு வச்சிப்பீங்களா சார்?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. பதில் இல்லாமலும் இல்லை. வீட்டுக் கூரை என் சொத்து. நானூறு, ஐந்நூறு வருஷத்துச் சுவர் இன்னும் பிறக்காதவர்களுக்கும் சொந்தம். சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பாலேயே செப்பனிடத் தெரிந்த கொத்தனார்கள் நம்மிடம் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு சிமெண்டைப் பிடித்தது நம் நாட்டில் எல்லா மதத்துக் கோயில்காரர்களும் சேர்ந்து செய்த தவறு. இதை நான் இப்போதும் சொல்வேன்.

ஆனாலும் சென்னையில் சாந்தோம் கோயிலின் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து 'ஆஹா, பழமை!' என்று உருகுகிறவன்தான் நானும். அதுவும் போர்ச்சுகீசியர் கட்டிய பழைய கோயிலை இடித்துவிட்டு 1896-ல் எழுப்பியது. அப்போது முணுமுணுத்தவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை. எனவே அது பழமையாகிவிட்டது!

நான் இப்படிக் கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்கையில் படகுக்காரர் பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டு மெழுகுவத்திகளும் கொஞ்சம் மல்லிகையும். பீடத்துக்கு முன்னால் முக்காடு போட்ட இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் மடியில் குழந்தை தூங்கியது. அவர்கள் அழவில்லை. மீன் விலையைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருத்தி பேச்சை நிறுத்திச் சொரூபத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள். பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லுகிற மாதிரி.

என் கதாநாயகி நினைவுக்கு வந்தாள். அவளை நான் மண்டியிட வைத்தேன், வெயிலைக் கொண்டு வர்ணம் பூசினேன், ஆனால் பேச விடவில்லை. தமிழ் நாவல்களில் வரும் மாதா கோயில்கள் பெரும்பாலும் இப்படித்தான்: மணி அடிக்கும், யாராவது அழுவார்கள், காதல் தோற்கும். வண்ணநிலவன் 1977-ல் 'கடல்புரத்தில்' எழுதியபோது மணப்பாட்டு ஜனங்களை அவர்கள் வீட்டுக்குள்ளிருந்தே பார்த்தார். ஜோ டி குரூஸுக்கு அது சொந்தக் கடற்கரை. எங்களைப் போன்ற மற்றவர்கள் படகிலிருந்து இறங்காமலே எழுதியவர்கள்.

திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. தெற்கே துறைமுகத்து விளக்குகள் வரிசையாக எரிந்தன. "மாதாகிட்ட என்ன கேட்டீர்கள்?" என்றேன். "கேக்கறதுக்கு இன்னா இருக்கு சார்? சொன்னேன்" என்றார் அவர்.

அந்த நாவலின் மறுபதிப்புக்கு இப்போது புரூப் வந்திருக்கிறது. வர்ணக் கண்ணாடியை அடித்துவிட்டேன். அந்தப் பெண் என்ன பேசியிருப்பாள் என்று நாலு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். அச்சகத்தார் தினமும் போன் செய்கிறார்கள். வாசகியின் கடிதத்துக்கு மட்டும் நேற்று பதில் போட்டுவிட்டேன்.