பேய்க்குக் காவல்

பேய் விசாரணைப் புத்தகங்களில் பிரசித்தமானது ஹாரி பிரைஸ் 1940-ல் வெளியிட்டது. இங்கிலாந்தில் போர்லி என்ற ஊரில் இருந்த பழைய பாதிரியார் பங்களாவைப் பற்றியது. 1937-ல் அதை ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு எடுத்து, பத்திரிகையில் விளம்பரம் செய்து, 48 பேரை முறைபோட்டுக் காவல் இருக்கச் செய்தார். பல இரவுகளில் ஒன்றுமே நடக்கவில்லை.

போனவர்கள் கையில் அவர் ஒரு சிறு புத்தகமும் கொடுத்திருந்தார். மணி அடித்தால் இப்படிச் செய், காலடி கேட்டால் அப்படிச் செய் என்று! இதற்குப் பெயர் விசாரணையா? திட்டக்குடியில் வெள்ளாற்றங்கரைக்கு ராத்திரிக் காவல் போகிறவனிடம் கொலுசைப் பற்றிச் சொல்லி அனுப்புங்கள். சிள்வண்டு கத்தினாலும் அவனுக்குக் கொலுசுதான். 1956-ல் மூன்று பேர் பிரைஸின் ஆதாரங்களைக் குடைந்து பார்த்து, அவர் கூட்டியும் திரித்தும் எழுதினார் என்று குற்றம் சாட்டினார்கள். 1948-லேயே அவர் காலமாகிவிட்டார். பதில் சொல்ல ஆளில்லை.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 1906-ல் பிறந்த புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைப் பாருங்கள். அங்கே யாரும் பட்டியல் கொடுப்பதில்லை. தூக்கம் வராத ஓர் எழுத்தாளன், ஒரு நாற்றம், மனைவி வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்ட பிச்சைக்காரி, அவ்வளவுதான். அவன் கண்டது நிஜமா, மனப்பிராந்தியா? ஆசிரியர் வாயைத் திறப்பதில்லை. பிரைஸின் தடிப் புத்தகத்தில் எனக்குக் கொட்டாவிதான் வந்தது.