உரைகாரர்க்கு உரிமை உண்டா?

திருக்குறளின் 1330 குறட்பாக்களையும் வரிசை எண்ணிட்டுக் கற்பிப்பது தமிழாசிரியர் வழக்கம். அவ்வரிசை பரிமேலழகர் உரையைப் பின்பற்றி நிலைபெற்றது. அவர்க்கு முற்பட்ட மணக்குடவர் உரையில் குறள்களின் வைப்பு முறை பல இடங்களில் வேறுபடும். பாடமும் சிற்சில இடங்களில் வேறுபடும். எப்பாடம் கொள்வது, எதனை முன்வைப்பது என்னும் தீர்ப்பு உரைகாரர் கையில் இருந்தது என்பது இதனால் விளங்கும். பரிமேலழகர் கொண்ட பாடம் அனைத்தையும் அறிஞர் ஒப்பினர் என்பதன்று. அவர்க்கு அவ்வுரிமை இல்லை என்று எவரும் சொல்லவில்லை என்பதே கருதத்தக்கது.

திறமூல மென்பொருள் உலகில் இவ்வுரிமை இன்னும் வழக்கில் இருக்கிறது. நிரலை எவரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம் என்று வெளியிடப்படுவது திறமூல மென்பொருள். அனுப்பிய திருத்தத்தை ஏற்பதும் தள்ளுவதும் பராமரிப்பாளர் எனப்படும் சிலருக்கே உரியவை. நிரல் எழுதுவோர் நாளடைவில் அந்நிலையை எய்துவர். கையேடு எழுதுவோரோ ஆண்டுக்கணக்கில் உழைத்தும் பல திட்டங்களில் வாயிலிலேயே நிற்கின்றனர்.

1993இல் ஈயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டம், 2010இல் உறுப்பினரிடையே வாக்கெடுப்பு நடத்தி, மென்பொருட் பொதி கட்டாதவரும் உறுப்பினர் ஆகலாம் என முடிவு செய்தது. அவ்வழியே ஆவணம் எழுதுவோர்க்கும் வாக்குரிமை வாய்த்தது. களஞ்சியத்தில் பொதிகளை ஏற்றும் உரிமை மட்டும் தரப்படவில்லை. பாராட்டத்தக்க தீர்மானமே. எனினும் அது விடை கண்டது, யார் உறுப்பினர் என்னும் வினாவுக்கு. கையேட்டில் எது நிற்கவேண்டும் என்று முடிவு செய்வோர் யார் என்பது வேறு வினா. அது ஒவ்வொரு திட்டமும் தானே தீர்க்கவேண்டியது.

சுங்கை செம்பிலாங் பக்கத்துத் தமிழாசிரியர் ஒருவர், திறமூலச் சொற்செயலி ஒன்றின் தமிழ்க் கையேட்டைத் தம் மாணவர்க்காகத் திருத்தி வருகிறார் என்று கொள்க. கையேடு கூறும் பொத்தான் புதிய பதிப்பில் இடம் மாறியிருப்பதை முதலிற் காண்பவர் அவரே. அவர் அனுப்பும் திருத்தத்தை ஏற்கவேண்டியவரோ தமிழில் ஓரெழுத்தும் அறியாத நிரலாளர். படிக்கத் தெரியாதவர் எதனைச் சரிபார்ப்பார்? காவல் என்று பெயர், நடப்பது காலதாமதம்.

உரிமையைப் பரப்பினால் தீயோர் புகுவர் என்பார் உளர். 2024இல் எக்ஸ்இசட் என்னும் சுருக்கச் செயலியில் கள்ள வழி வைக்கப்பட்டது உண்மை. ஆனால் அதனை வைத்தவர், ஈராண்டுக்கு மேலாக நிரல் திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கை ஈட்டிப் பராமரிப்பாளர் ஆனவர்! நிரலறிவு நல்லொழுக்கத்துக்குச் சான்றாகாது. ஆகவே அவ்வச்சம் கையேடு எழுதுவோர்க்கு மட்டும் தடையாவது முறையன்று. மேலும், கையேட்டுப் பகுதிக்கு மட்டும் ஒருவரைப் பொறுப்பாக்கும் வசதி இன்றைய நிரற்களஞ்சியத் தளங்களில் உண்டு.

அவ்வளவோடு நிறுத்துவதும் போதாது. கையேட்டுக்கு ஒவ்வாத பதிப்பு வெளிவரவிருக்கும்போது, சற்றே பொறுங்கள் என்று தடுத்துச் சொல்லும் உரிமையும் அவர்க்கு வேண்டும். நிரலின் குழப்பம் பலவேளை முதலில் வெளிப்படுவது அதனை விளக்க முயல்பவரிடத்தேதான்.