ஜாஸ் – பறை – பெயர்: சில தன்னிலைக் குறிப்புகள்

நம் சிறுபத்திரிகைச் சூழலில் ஜாஸ் பற்றிப் பேச்சு வந்தால் கூடவே ஒரு வாக்கியமும் வந்து விழும்: 'ஜாஸ் என்பது கறுப்பர்களின் பறை.' நானும் சொல்லியிருக்கிறேன். எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் ஒரு கருத்தரங்கில் இதைச் சொல்லிக் கைத்தட்டல்கூட வாங்கியிருக்கிறேன். இப்போது அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஏன் என்று சொல்ல கொஞ்சம் சொந்தக் கதை பேச வேண்டியிருக்கிறது. விமர்சனத்தில் சொந்தக் கதை எதுக்குய்யா என்று கேட்கும் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும். கேட்கிற காது எந்தத் தெருவில் வளர்ந்தது என்று சொல்லாமல் இசையைப் பற்றி எழுதுவதில் ஒரு மோசடி இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

1

காஞ்சிபுரத்தை ஒட்டியிருக்கும் ஏனாத்தூர் என் ஊர். வீட்டில் குழித்தறி. அப்பா கோர்வைச் சேலை நெய்தார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோர்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரு ஆளால் ஆகாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தருவது என் வேலை. அப்பா ஒரு கணக்கில் போய்க்கொண்டிருப்பார். நான் தப்பினால் தொடையில் ஒரு கிள்ளு.

பின்னாளில் எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் கிள்ளுதான். ஒரு கை ஒரு கணக்கில், கால் இன்னொரு கணக்கில், எங்கோ ஓரிடத்தில் எல்லாம் வந்து சேர்கிறது. 'இப்ப தப்பப் போறான், இப்ப தப்பப் போறான்' என்று என் தொடை பதறியது. அவர் தப்பவில்லை.

இதை வைத்துத் தறிச் சத்தமே இசைதான் என்று கவிதை எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறார்கள். தறியில் உட்கார்ந்தவனுக்கு அது சத்தம். நின்றால் கூலி இல்லை. நெய்து முடித்த சேலை கடைக்குப் போகும். அங்கே அது பெட்டிக்குள் போகும். பெட்டிமேல் கடையின் பெயர். அப்பா பெயர் எந்தப் பெட்டியிலும் இருந்ததில்லை. என் பெயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

2

2010 வாக்கில் சென்னை நண்பர் ஒருவர் அறையில் 'ஏ லவ் சுப்ரீம்' குறுந்தகட்டைப் பார்த்தேன். அதற்கு முன்பே அது எனக்கு எம்.பி.3 ஆகப் பழக்கம். அதில் ஜான் கோல்ட்ரேன் என்ற பெயர் மட்டும்தான் உண்டு. தகட்டோடு இருந்த சிறு புத்தகத்தில் நான்கு பெயர்கள் இருந்தன. சாக்ஸபோன்: ஜான் கோல்ட்ரேன். பியானோ: மெக்காய் டைனர். பாஸ்: ஜிம்மி கேரிசன். டிரம்ஸ்: எல்வின் ஜோன்ஸ். பதிவான நாள் 1964 டிசம்பர் 9. ஒலிப்பதிவு செய்தவர் ரூடி வான் கெல்டர். நான் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டேன், பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி.

அதன் நான்காம் பகுதியில் கோல்ட்ரேன் தான் எழுதிய பிரார்த்தனைக் கவிதையைச் சொல் சொல்லாக சாக்ஸபோனில் வாசிக்கிறார். வார்த்தை காதில் விழாது, வார்த்தையின் மூச்சு விழும். கீர்த்தனையின் சாகித்தியத்தை மனசில் வைத்துக்கொண்டு ஊதும் நாதஸ்வரக்காரர் செய்வதும் இதுதான். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை அன்று விடியலில், அப்பா தோளில் இருந்தபடி கேட்ட நாதஸ்வரம் எனக்கு அந்த அறையில் திரும்பக் கிடைத்தது.

கூடவே ஒரு கேள்வியும் வந்தது. அன்று ஊதியவர் பெயரை யாரையாவது கேட்டால் சொல்வார்கள். தவில்காரர் பெயரும் தெரிந்திருக்கும். ஒத்து பிடித்தவர் பெயர்? தாளம் போட்டவர் பெயர்? பெயர் என்பது மேளத்துக்குள்ளேயே படிப்படியாகத் தேய்ந்துகொண்டு போகிறது. தேய்ந்து தேய்ந்து ஊர் எல்லையைத் தாண்டினால் பறை. அங்கே பெயரே இல்லை.

3

'அலபாமா' என்றொரு இசை. 1963 செப்டம்பர் 15 அன்று, அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில், கறுப்பர்கள் கூடும் தேவாலயத்தில் வெள்ளை நிறவெறியர்கள் குண்டு வைத்தார்கள். நான்கு சிறுமிகள் செத்துப்போனார்கள். இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 18 அன்று, கோல்ட்ரேன் அதைப் பதிவு செய்தார். ஐந்து நிமிடத்துச் சொச்சம். அதில் கோஷம் எதுவுமில்லை, அழுகை மட்டும்தான். அதுவும் அடக்கிய அழுகை.

அதைக் கேட்டதும் எனக்கு 1999இல் நடந்த பாட்டியின் சாவு நினைவுக்கு வந்தது. நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். காலனியிலிருந்து நான்கு பேர் பறை அடிக்க வந்தார்கள். தெரு முனையில் நின்றார்கள். வீட்டு வாசலுக்கு வரக் கூடாது. காலையிலிருந்து சாயங்காலம்வரை அடித்தார்கள். நடுநடுவே வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டார்கள். தண்ணீர் கேட்டபோது சொம்பை உயரத் தூக்கிக் கையில் ஊற்றினார்கள். எனக்கு அந்த அடி பிடித்திருந்தது. முனைவரைக்கும் ஓடிப் போய்ப் பார்த்தேன். அதற்கும் ஒரு கிள்ளு.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் 'ஜாஸ் என்பது கறுப்பர்களின் பறை' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கே தவறினேன் என்பது எனக்கு வெகு தாமதமாகவே உறைத்தது. கோல்ட்ரேன் அழுதது தன் பிள்ளைகளுக்காக. அந்த நான்கு பேர் அடித்தது தங்களை வாசலுக்கு விடாத வீட்டின் பிணத்துக்காக. இரண்டும் சாவிசைதான். ஆனால் யாருடைய சாவுக்கு, யார் சொல்லி, எங்கே நின்று என்று கேட்டால் இரண்டும் எதிரெதிர் துருவங்கள்.

நேர்மையாக ஒப்பிடுவதென்றால் 'அலபாமா'வை விட்டுவிட்டு காட்டன் கிளப்புக்குத்தான் போக வேண்டும். நியூயார்க்கின் ஹார்லெமில் இருந்த அந்த விடுதியில் 1927 முதல் டியூக் எலிங்டனின் குழு வாசித்தது. மேடையில் கறுப்பர்கள், மேஜைகளில் வெள்ளையர்கள். கறுப்பர் வாசிக்கலாம், வாடிக்கையாளராக உள்ளே வந்து உட்கார முடியாது. எங்கள் தெரு முனை மாதிரி. ஆனாலும் எலிங்டன் பெயர் வானொலியிலும் இசைத்தட்டிலும் ஊர் ஊராகப் போனது. தெரு முனையில் நின்ற நால்வருக்கு அதுகூட இல்லை.

4

காட்டன் கிளப்பிலிருந்து 'அலபாமா'வுக்கு வந்த வழி இசைக்குள் மட்டும் நடந்ததல்ல. 1957இல் ஆர்கன்ஸா கவர்னர் ஃபாபஸ், ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழையாதபடி படையை நிறுத்தினார். சார்லஸ் மிங்கஸ் அவரைக் கிண்டலடித்து ஒரு இசை செய்தார். 1959இல் பெரிய கம்பெனி வெளியிட்ட தட்டில் வார்த்தைகள் இல்லை. 1960இல் கேண்டிட் என்ற சிறிய கம்பெனியில் வார்த்தைகளோடு வந்தது. (சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) அதே கேண்டிட்டில்தான் மேக்ஸ் ரோச்சின் 'வீ இன்சிஸ்ட்!' வந்தது. அந்த ரோச்சுக்கு 'ஜாஸ்' என்ற பெயரே பிடிக்காது. அது அடுத்தவன் வைத்த பெயர் என்பார்.

இந்த மறுப்பை வைத்துப் பார்த்தால் நம் ஊர் விவாதம் ஒன்று தெளிவாகிறது. பறை விடுதலையின் கருவி என்று ஒரு தரப்பு. அது சாதி சுமத்திய வேலை, இனி தொடமாட்டோம் என்று இன்னொரு தரப்பு. பறையடிக்க மறுத்து ஊரின் கோபத்தைச் சந்தித்தவர்கள் ஏராளம். 1990இல் தொடங்கிய திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையெடுத்து ஆடினார்கள். 2018இல் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் பறையும் கானாவும் கிதாரும் ஒன்றாக நின்றன. மறுப்பதும் எடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நான் நினைக்கவில்லை. மறுக்கிற உரிமை உறுதியான பிறகுதான் எடுப்பது கலையாகிறது. கூப்பிட்ட வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்ல முடியாதவர் அடிப்பதை, நமக்கு ரசிக்கப் பிடித்திருக்கிறது என்பதற்காகக் கலை என்று சொல்லிவிட முடியுமா?

5

ஜிம்மி கேரிசன் பெயர் தெரிந்த எனக்கு, பாட்டி சாவுக்கு அடித்த நால்வரில் ஒருவர் பெயரும் தெரியாது. போன வருஷம் காலனிக்குப் போனேன். அவர்களில் ஒருவருடைய மகன் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலையில் இருக்கிறார். அவர் அப்பாவை என் அப்பா வயசு வித்தியாசம் பார்க்காமல் 'வாடா, போடா' என்றுதான் கூப்பிட்டார். நான் 'அண்ணா' என்றேன். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பறை இப்போது வீட்டில் இல்லை என்றார். அப்பாவே உடைத்துப் போட்டுவிட்டாராம். போனில் 'அலபாமா'வைப் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு பெயரைக் கேட்டேன்.

"எதுக்கு? எழுதப் போறீங்களா?"

"ஆமாம்ணா."

"அப்பா பேரு எழுதறதுன்னா, எந்த வீட்டு சாவுக்குன்னு உங்க வீட்டு பேரையும் பக்கத்துல எழுதுங்க. சொம்பு தூக்கி ஊத்துனவங்க பேரையும் எழுதுங்க. எழுதிட்டு வாங்க, நான் சொல்றேன்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் இப்போது தறியில் உட்காருவதில்லை. வெகுநேரம் பேசாமல் இருந்தார். "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்றார்.

சொம்பைத் தூக்கி ஊற்றியவர் அவர்தான்.