பனிக்கட்டிக் கிடங்கில் ஒரு விதவையர் இல்லம்

மெரினாவில் நிற்கும் ஐஸ் ஹவுஸ், காற்றும் வெயிலும் உள்ளே வரவே கூடாது என்று கட்டிய கட்டடம். பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடரின் கம்பெனி 1842-இல் கட்டியது. அவர் ஊர் ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி வந்து இங்கே அடுக்கினார்கள். கனத்த சுவர், வட்ட வடிவம். அதே இடத்தைச் சதுரமாக வளைத்தால் வெளிச்சுவர் கூடும், வெயில் படும் பரப்பும் கூடும். வட்டம் இங்கே அலங்காரமல்ல, கணக்கு. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த கிடங்குகள் போய்விட்டன. மிஞ்சியது இது ஒன்றுதான்.

இயந்திரத்தில் ஐஸ் செய்யும் காலம் வந்து வியாபாரம் படுத்தபின், வக்கீல் பிலிகிரி ஐயங்கார் இதை வாங்கினார். வட்டத்தைச் சுற்றி வராந்தா எடுத்து, வரிசையாக ஜன்னல் வைத்து, நீதிபதி கெர்னன் மேலுள்ள மரியாதையில் ‘காஸில் கெர்னன்’ என்று பெயரிட்டார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியது இந்த வீட்டில்தான்.

அடுத்து வந்தவர்களுக்காகத்தான் எனக்கு இந்தக் கட்டடம் பிடிக்கும். சகோதரி சுப்பலட்சுமி 1886-இல் மயிலாப்பூரில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே விதவையானவர். 1911-இல் பட்டம் பெற்று, மறு வருஷமே எழும்பூரில் நான்கு இளம் விதவைகளை வைத்து இல்லம் தொடங்கினார். கூட்டம் பெருகியதும் ஐஸ் ஹவுஸுக்குக் குடிவந்தார்கள். 1917-இல் அரசாங்கமே கட்டடத்தை வாங்கியது.

நார்மடியும் மழித்த தலையுமாக, யார் எதிரிலும் வந்துவிடாமல் கொல்லைப்புற அறையில் ஒடுங்கியிருக்கவேண்டிய பெண்கள் அந்த வராந்தாவில் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்தார்கள். எதிரே கடல். வட்ட வராந்தாவுக்கு ஒரு குணம் உண்டு: அதற்குக் கொல்லைப்புறம் கிடையாது. மூலையும் இல்லை. எங்கே நின்றாலும் ஏதோ ஒரு பக்கத்துக்கு முன்வாசல்தான். ஐயங்கார் இதை நினைத்துக் கட்டியிருக்க மாட்டார். அதனால் என்ன?

விதவைகளுக்கென்று எழுந்த இல்லம் இங்கிலாந்திலும் ஒன்று உண்டு: பிராம்லி கல்லூரி. 1666-இல் காலமான ராச்செஸ்டர் பிஷப் ஜான் வார்னரின் உயிலால் எழுந்தது. பாதிரிமாரின் விதவைகளுக்கென்றே கட்டியது. நடுவே முற்றம், சுற்றிலும் தூண் வரிசை, அதையொட்டி வீடுகள். நம் ஊர்த் தொட்டிக்கட்டு வீடு பார்த்தவர்களுக்கு உடனே பழகிவிடும். அளவான, அமைதியான அழகு. ஆனாலும் உள்நோக்கித் திரும்பிய அழகு. எனக்கு ஐஸ் ஹவுஸ்தான் உசத்தி. இரண்டுக்கும் வாசல் குறுகல் என்பதையும் சொல்லவேண்டும்: அங்கே பாதிரி மனைவி, இங்கே பிராமண விதவை. மற்றச் சாதிகளிலும் கைம்பெண்கள் இருந்தார்களே!

எங்கள் திருவாலங்காட்டில் இரத்தின சபையில் ஆடும் சிவன் காலடியில் காரைக்கால் அம்மையார் இருக்கிறார். கணவன் விலகிப்போன பிறகு அழகையும் இளமையையும் உதறிவிட்டுப் பேயுரு கேட்டு வாங்கிய புனிதவதி. பெண் தனியே நிற்க அவ்வளவு விலை கொடுக்கவேண்டியிருந்தது. ஐஸ் ஹவுஸ் பெண்களுக்கு ஆசிரியை வேலை போதுமானதாக இருந்தது. பக்கத்திலேயே 1922-இல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது. அதன் முதல் முதல்வரும் சுப்பலட்சுமிதான்.

இன்று ஐஸ் ஹவுஸ் விவேகானந்தர் இல்லம். ராமகிருஷ்ண மடம் கண்காட்சி நடத்துகிறது. பேட்டைக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஐஸ் ஹவுஸ் என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆலங்காட்டிலிருந்து மின்சார ரயிலேறி மெரினா பார்க்கப் போகிற எங்கள் ஊர்க்காரர்களிடம் நான் சொல்வது: கண்காட்சியை அப்புறம் பாருங்கள். முதலில் வெளியே நின்று அந்த வளைவைப் பாருங்கள். எது 1842-இன் சுவர், எது ஐயங்காரின் ஜன்னல் என்று பிரித்துப் பார்க்க முடிகிறதா பாருங்கள்.