அட்வகேட்டும் வழக்குரைஞரும்

சவ்வாது மலையடியிலுள்ள சந்தவாசல் முதல் சென்னை வரை மக்கள் நாவில் நிலைத்த சொல் 'வக்கீல்' என்பதே. 1961ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டமோ வக்கீல், பிளீடர் முதலிய பிரிவுகளை நீக்கி, 'அட்வகேட்' என்னும் ஒரே வகையினரை நிறுவிற்று. இவற்றிற்கு நேராகும் தமிழ்ச்சொல் யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அட்வகேட் என்பது, 'அருகே அழைக்கப்பட்டவர்' எனப் பொருள்படும் 'அட்வொகாட்டஸ்' என்னும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது. அதன் இனச்சொல்லே ஐரோப்பியர் ஆட்சிவழி யாழ்ப்பாணத்தில் 'அப்புக்காத்து' என வழங்கிற்று. வக்கீல் என்பது அரபு மொழியிற் பிறந்து, 'பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர்' எனப் பொருள் தரும். ஆகவே இவ்விரு சொற்களும் வழக்குடையானுக்கும் அவன் துணைவர்க்கும் உள்ள உறவையே சுட்டுகின்றன.

இன்று பெருவழக்காயுள்ள 'வழக்கறிஞர்' என்பதோ அறிவை மட்டுமே சுட்டுகின்றது. வழக்கினை அறிந்தவர் நீதிபதியும் ஆவர். 'வழக்குரைஞர்' என்பது தொழிலைச் சுட்டுதலின் அதனினும் சிறப்புடைத்து. சிலப்பதிகாரத்து 'வழக்குரை காதை' என்னும் பெயரும் இவ்வாட்சிக்கு அரணாகும். எனினும், ஆண்டுக் கண்ணகி தன் வழக்கைத் தானே உரைக்கின்றாள். எனவே, பிறர்பொருட்டு உரைத்தல் என்னும் உயிர்ப்பொருள் இச்சொல்லில் வெளிப்படையாக இல்லை.

இக்குறை உளதேனும் வழக்குரைஞர் என்பதையே யாம் தக்கதெனக் கொள்கின்றோம். மன்றில் வாய்திறக்க அஞ்சும் எளியோர்க்கு அறிந்தார் மட்டும் போதார். அறிந்ததை எடுத்துரைப்பாரே வேண்டும்.